சுவரில் உப்புப் பூக்குது, அக்கா!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து. கேள்விகள் வேறு வேறு, எதிரி ஒன்றுதான்: உப்பு. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

பாம்பன் வாசகி: அக்கா, ரெண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள சின்ன வீடு எங்களுடையது. போன ஐப்பசிக்கு முன்னால்தான் ஹாலுக்கு பெயின்ட் அடித்தோம். மழை முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு உரிந்துவிட்டது, தினமும் காலையில் தரையெல்லாம் வெள்ளைப் பொடி. ஆவணியில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு, மிச்சக் காசில் வீட்டைக் கொஞ்சம் ஸ்டைலாக மாற்றலாமா?

வால்பேப்பர் மட்டும் வேண்டாம்மா. நிச்சயதார்த்தம் வரைக்கும் ஒட்டியிருந்தாலும் கல்யாணத்துக்குள் கையோடு வந்துவிடும். அந்த வெள்ளைப் பொடி உப்பு. சின்னப்பிள்ளையில் எங்கள் வீட்டுச் சுவரை நக்கிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். தரையிலிருந்து சுவருக்குள் ஏறுகிற ஈரம் மண்ணிலும் செங்கலிலும் பூச்சிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். தண்ணீர் காய்ந்து போய்விடும், உப்பு மட்டும் பெயின்டுக்குப் பின்னால் படிந்து கட்டியாகி அதை நெட்டித் தள்ளும். ஈரத்தை வெளியே விடாத வழவழப்புப் பெயின்டாக இருந்தால் தகடு தகடாகவே பெயரும்.

முதலில் அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறதா, மாடித் தண்ணீர் அங்கேயே விழுகிறதா, குழாய் ஏதாவது கசிகிறதா? அதைச் சரிசெய்யாமல் உள்ளே என்ன செய்தாலும் வீண். அப்புறம் உரிந்த இடத்துக்கு ஒரு அடி மேலே வரைக்கும் பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, கீழே பேப்பர் விரித்து அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். ரெண்டு மூன்று வாரம் சன்னலைத் திறந்து போட்டுக் காய விடுங்கள், சித்திரை வெயில் சும்மாதானே கிடக்கிறது.

காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். ஆமாம், பாட்டி காலத்து வெள்ளைதான், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. கல் சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஊற வைக்க வேண்டும். கொதிக்கிற சூட்டில் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு டிரம் நல்லது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. மறுநாள் துணியில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்துவிட்டு அடியுங்கள். அடித்த உடனே ஒன்றுமே தெரியாது, பயப்படாதீர்கள், காயக் காயத்தான் வெளுக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று பூச்சு. சுண்ணாம்பில் ஒரு பிடி உப்பு போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள், நம் ஊருக்கு அது வேறு வேண்டுமா!

இப்போது ஸ்டைலுக்கு வருகிறேன். மேல் சுவரில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கட்டும். ஹால் முழுக்க ஒரே உயரத்தில் நூல் பிடித்துக் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே நாலு பக்கமும் சுரண்டி, சுண்ணாம்பில் காவி கலந்து இளம் செங்கல் நிறத்தில் அடியுங்கள். வேண்டுமென்றே அப்படி அடித்த மாதிரி இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். சாய்ந்தால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும், அதனால் மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் நாற்காலியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். உப்பு மறுபடி கொஞ்சம் பூக்கும். தட்டிவிட்டுப் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு கொடுத்தால் போதும்.

இதற்கெல்லாம் உங்கள் 15,000-ல் சின்னப் பங்குதான் ஆகும். மிச்சத்தோடு ரயில் ஏறுங்கள். மானாமதுரையில் இறங்கினால் மண் சாமான், திரும்பும் வழியில் பரமக்குடியில் கைத்தறி. வாசலுக்கு ஒரு பெரிய பானை, அதில் தண்ணீர் ஊற்றி ரெண்டு செம்பருத்தி மிதக்கவிட்டால் அந்த மூலைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உச்சிப்புளி வாசகி: ரெடிமேட் திரைச்சீலை விலை கட்டுப்படியாகவில்லை. பழைய சேலையைத் தொங்கவிட்டால் ஏழை வீடு மாதிரி இருக்காதா அக்கா?

அப்படியே தொங்கவிட்டால் இருக்கும், தைத்தால் இருக்காது. நூல் சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. 7 அடிக் கதவுக்கு மடிப்போடு சேர்த்து ஏழரை அடியில் ரெண்டு துண்டு வெட்டினால் 15 அடி போச்சு, மிச்சம் 3 அடியில் ரெண்டு குஷன் உறை வரும். கரை ரெண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடும், அதுதான் அழகே. மேல் மடிப்பை மூன்று விரல் அகலத்துக்கு விடச் சொல்லுங்கள். இரும்புக் கம்பி போடாதீர்கள், கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற ரெண்டு மாதத்தில் துருக்கறை துணியில் இறங்கிவிடும். மூங்கில் கம்பு போதும். பூப்போட்ட சிந்தெடிக் சேலை வேண்டாம், அது பந்தல் மாதிரிதான் இருக்கும்.

கீழக்கரை வாசகி: கல்யாணத்துக்கு வாப்பா கொடுத்த பழைய வீடு. ஆன்லைனில் ஆசையாக வாங்கிய டி.வி. ஸ்டாண்ட் ஒரே மழைக்காலத்தில் ஊறி உப்பிவிட்டது. நல்ல மரத்தில் செய்ய வசதியில்லை.

அது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. வெட்டின ஓரத்தில் ஈரம் புகுந்தால் அப்பளம் மாதிரி உப்பும், திரும்ப அடங்காது. புதுச் சாமான் தேடுவதற்கு முன்னால் பரணில் ஏறிப் பாருங்கள். இந்த மாதிரிப் பழைய வீடுகளில் கால் உடைந்த மரப்பெட்டி ஒன்றாவது கிடக்கும். அதைத் தேய்த்து எண்ணெய் போட்டு டி.வி.க்குக் கீழே வைத்தால் கடைச் சாமானெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. இல்லாவிட்டால் படகு கட்டுகிற, தெரிந்த ஓடாவியிடம் உடைத்துப் போட்ட வள்ளத்துப் பலகை கேளுங்கள். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காய வைத்து, ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டு அலமாரித் தட்டாகப் போடலாம். திருகாணி மட்டும் பித்தளையில் வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மண்டபம் கல்லூரி மாணவர்: கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளக் கல்லைச் செலவில்லாமல் ஷோகேஸில் வைக்கலாமா?

கூடாது தம்பி. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. ஐவிரல் சங்கு வகைகளில் சிலவும் பாதுகாக்கப்பட்டவை. ஷோகேஸில் பனை ஓலையில் முடைந்த கொட்டான் கூடைகளைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி வைத்துப் பாருங்கள்.

தொண்டி வாசகர்: ஹாலுக்கு என்ன லைட் போடலாம்? குறைந்த செலவில்.

நடுவில் இருக்கிற ட்யூப் லைட்டைச் சாயங்காலம் அணைத்துவிடுங்கள், பாதி அழகு அங்கேயே வந்துவிடும். மஞ்சள் ஒளி தருகிற, பெட்டியில் வார்ம் ஒயிட் என்று போட்டிருக்கிற எல்.இ.டி. பல்புகள் ரெண்டு வாங்கி மூலைக்கு ஒன்றாகப் போடுங்கள். ஓலைப் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் அதுவே விளக்குக் கூடு, பின்னலின் நிழல் சுவரெல்லாம் விழும். பழைய குண்டு பல்பை அதற்குள் மாட்டாதீர்கள், சூட்டில் ஓலை கருகிவிடும். எல்.இ.டி.யும் ஓலையைத் தொடாமல் நடுவில் நிற்கட்டும்.

தேவிபட்டினம் வாசகர்: ஒரு ஓட்டலில் சுவர் முழுக்க மீன் வலை மாட்டி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பழைய வலை மூட்டை மூட்டையாக இருக்கிறது. மாட்டலாமா? வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பகலெல்லாம் வலையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து ராத்திரியும் அதையே பார்த்துக்கொண்டு படுக்க வேண்டுமா? சுவர் முழுக்க மாட்டினால் தூசும் பல்லியும்தான் சேரும். ஆசையாக இருந்தால் பழைய மரமிதவை நாலைந்தை மட்டும் எடுத்து, ரெண்டு நாள் நல்ல தண்ணீரில் போட்டு நாற்றம் போகக் காய வைத்து, ஒரே கயிற்றில் கோத்து வாசல் பக்கம் தொங்கவிடுங்கள். மாட்டுவதற்கு முன்னால் வீட்டம்மாவை ஒரு முறை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், நம் மூக்கு பழகிப்போன மூக்கு.