வாசகர் கேள்வி: துணியோடு வரும் நஞ்சு

கேள்வி: 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் தாக்குதல் நடந்தபோது சிகிச்சை தந்த டாக்டர், நர்ஸ்களுக்கும் பாதிப்பு வந்ததாமே? விஷம் தொற்றுமா?
– வாசகர், திருச்சி

பதில்: தொற்றவில்லை. துணியில் ஏறி வந்தது. விஷவாயு என்கிறோமே தவிர, நரம்புகளைத் தாக்கும் நஞ்சான சாரின் ஒரு திரவம். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். மார்ச் 20 காலை, ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக்குழுவினர் 5 ரயில்களில் அதைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிவிட்டார்கள். கசுமிகசெகி நிலையத்தில் பொட்டலத்தை அப்புறப்படுத்திய ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். எளிய மனிதர்கள், தங்கள் வேலையைத்தான் செய்தார்கள், கையில் இருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பயணிகளின் கோட்டிலும் தலைமுடியிலும் அந்த ஆவி படிந்திருந்தது. டோக்கியோவின் செயின்ட் லூக் மருத்துவமனைக்கு அன்று மட்டும் 640 பேர் வந்தார்கள். இது சாரின் என்று போலீஸ் அறிவிக்க சுமார் 3 மணி நேரம் ஆனது. அதுவரை உடையை மாற்றவோ உடம்பைக் கழுவவோ முறையான ஏற்பாடு இல்லை. இடம் போதாமல் மருத்துவமனையின் தேவாலயத்திலும் நோயாளிகளைப் படுக்கவைத்தார்கள். அங்கே காற்றோட்டம் குறைவு. பின்னர் 472 ஊழியர்களிடம் விசாரித்ததில் 110 பேர் தங்களுக்கும் கண் வலி, தலைவலி போன்ற அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னார்கள். வாசலிலேயே உடையைக் களைந்து கழுவியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

கேள்வி: இப்படிப்பட்ட விஷம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடனே என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாசனையை நம்பாதீர்கள், சுத்தமான சாரினுக்கு வாசனை கிடையாது. கண்ணைப் பாருங்கள். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிவிடும். பட்டப்பகலில் ‘இருட்டிக்கொண்டு வருகிறது’ என்பார்கள். மூக்கு ஒழுகும், எச்சில் வடியும், மூச்சு இழுக்கும், தசை துடிக்கும். வயலில் பூச்சிமருந்து அடித்து மயங்கியவரைப் பார்த்திருந்தால் இது புரியும். சாரினும் பல பூச்சிமருந்துகளும் ஒரே குடும்பத்து நஞ்சுகள். மாற்று மருந்தும் அதேதான்: அட்ரோபின், பிராலிடாக்சிம். நம் அரசு மருத்துவமனை டாக்டர்களுக்குக் கைப்பழக்கமான மருந்துகள். ஆனால், அவற்றை வீட்டில் வாங்கி வைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து, பிறகு எதிர்த்திசையில் போங்கள். சாரின் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் பேஸ்மென்டிலும் தேங்கும், அங்கே ஒளியக் கூடாது. அடுத்தது உடை. சட்டையைத் தலை வழியாக உருவாதீர்கள், முகத்தில் படும். கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றுங்கள். மேலுடையைக் களைந்தாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். உடையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு தலையிலிருந்து கழுவுங்கள். நார் போட்டுத் தேய்த்தால் தோல் கீறி நஞ்சு உள்ளே போகும். கண்ணை 10 முதல் 15 நிமிடம் வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி எறிந்துவிடுங்கள். 112-ஐ அழைக்கும்போது, எத்தனை பேர் விழுந்தார்கள், கண் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் பாதுகாப்பு உடையோடு வர அது உதவும்.

கேள்வி: கொரோனா காலத்து மாஸ்க் உதவுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஆவிக்கு உதவாது. என்-95 தூளையும் துகளையும் வடிகட்டும், ஆவியைத் தடுக்காது.

கேள்வி: தபாலில் பொடி வந்தால்?
– வாசகி, மதுரை

பதில்: 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகளைப் பொடியாக வைத்து அனுப்பிய கடிதங்களால் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இருவர் தபால் ஊழியர்கள். ஒட்டிய உறையாக இருந்தும், தரம்பிரிக்கும் இயந்திரம் அழுத்தியதில் நுண்பொடி கசிந்தது. ஆகவே உறையை ஆட்டாதீர்கள், முகராதீர்கள், ஊதாதீர்கள். இருக்கும் இடத்திலேயே வைத்து மேலே ஏதாவது போட்டு மூடுங்கள். மின்விசிறி, ஏசியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியேறிக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அறையில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதி வையுங்கள். சுவாச ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. ஆனால் அதன் வித்துகள் நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அதனால்தான் பொடியைச் சுவாசித்திருக்கக்கூடியவர்களுக்கு, காய்ச்சல் இல்லாவிட்டாலும், 60 நாள் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது.