மொழியியல் கேள்வி பதில்: கரண்ட் போச்சா, நிறுத்திட்டாங்களா?

மொழியைச் சமூகத்தோடு சேர்த்து வைத்து ஆராய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

கல்லூரி மாணவி, கோவை: சொல்லுக்குப் பொருள் அகராதியில் இருக்கிறது. வாக்கியத்துக்கு இலக்கணம் இருக்கிறது. இதில் சமூகம் எங்கே வருகிறது?

ஒரு தெருவில் மின்சாரம் இல்லை. வாசலில் நிற்பவர் ‘கரண்ட் போயிருச்சு’ என்கிறார். எதிர்வீட்டுக்காரர் ‘கரண்ட்டை நிறுத்திட்டாங்க’ என்கிறார். முந்தின நாள் பேப்பரில் ‘பராமரிப்புப் பணி காரணமாக மின் விநியோகம் நிறுத்தப்படும்’ என்று வந்திருந்தது.

நடந்தது ஒன்றுதான். ஆனால் முதலாமவர் பேச்சில் கரண்ட் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. யார் மேலும் குறை இல்லை. இரண்டாமவரின் ‘ஆங்க’வில் ஒரு கூட்டமே நிற்கிறது. யார் அவர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, கோபம் மட்டும் நிச்சயம். பேப்பரில் வந்த ‘நிறுத்தப்படும்’ என்பதில் நிறுத்துகிற கை இருக்கிறது, முகம் இல்லை. ஒன்றை எடுத்தவர் மற்ற இரண்டை விட்டிருக்கிறார். அந்த விட்டதும் சேர்ந்துதான் எடுத்ததற்குப் பொருள்.

மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே இலக்கணத்தை விதிப்பட்டியலாகப் பார்க்காமல் இப்படிப்பட்ட தேர்வுகளின் வலையாகப் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மூச்சில் மூன்று வேலை பார்க்கிறது என்பது அவர் கணக்கு. நடந்ததைச் சொல்கிறது, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது, முன்னும் பின்னும் உள்ள பேச்சோடு தன்னைக் கோத்துக்கொள்கிறது.

ஆசிரியர், தஞ்சாவூர்: இந்தப் பார்வையை யார் தொடங்கினார்கள்?

மொழிக்குறி, அதாவது ஒலியும் பொருளும் சேர்ந்த சொல், சமூகத்தின் பொதுச்சொத்து என்று அழுத்திச் சொன்னவர் சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூர். அவர் இறந்த பிறகு, மாணவர்கள் எடுத்த குறிப்புகளைக் கொண்டு 1916இல்தான் புத்தகம் வந்தது. பசிபிக்கின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அங்கே பேசுவதைச் சூழலோடு சேர்க்காமல் மொழிபெயர்க்க முடியாமல் திணறினார். லண்டனில் ஃபர்த் அந்தச் ‘சூழல்’ என்ற யோசனையை மொழியியலுக்குள் கொண்டுவந்தார். ஃபர்த்தின் மாணவர்தான் ஹாலிடே.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: சமூகப் பொருள் என்பதை எப்படி அளப்பீர்கள்? உட்கார்ந்து யோசிப்பதுதானா?

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபாவ் அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். 1962, நியூயார்க். பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தரக் குடும்பங்களுக்கான மேசிஸ், மலிவு விலை எஸ். கிளைன் என்று மூன்று பெரிய பல்பொருள் கடைகள். நாலாவது மாடியில் இருக்கும் பொருளாகப் பார்த்து, ‘அது எங்கே?’ என்று விற்பனையாளரிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காது கேட்காதவர்போல் ‘என்ன சொன்னீங்க?’ என்பார். அவர்கள் நிறுத்தி, அழுத்தி, மறுபடி சொல்வார்கள். அப்புறம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்க் குறிப்பெழுதுவார்.

அந்த இரண்டு சொல்லில் ‘ர்’ ஒலி வருகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. 264 பேரிடம் கேட்டார். ஒரு தடவையாவது ‘ர்’ உச்சரித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, கிளைனில் 20. விற்பவர்களின் சம்பளத்தை வைத்து இதை விளக்கிவிட முடியாது. கடைக்கு வருகிறவர்களின் மதிப்பு விற்பவர் நாக்கில் ஏறியிருக்கிறது. எனக்கு இன்னும் பிடித்தது அந்த இரண்டாவது பதில். அழுத்திச் சொல்லும்போது ‘ர்’ கூடியது, மேசிஸில் நன்றாகவே. எது ‘உயர்ந்த’ உச்சரிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவசரத்தில் அது வருவதில்லை.

பாட்டி, திருச்சி: என் பேரனுக்குப் பத்து மாசம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மொழி வரவில்லை என்று அர்த்தமா?

அம்மா, அவன் பேசிக்கொண்டுதான் இருப்பான். ஹாலிடே தன் மகன் நைஜலை ஒன்பது மாதத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். அந்த வயதில் ஆங்கிலச் சொல் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு ஒலி ‘அது வேணும்’ என்பதற்கு, வேறொன்று ‘திரும்பச் செய்’ என்பதற்கு என்று நிலையாக வந்தன. சொல்லுக்கு முன்னாலேயே வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறான் பிள்ளை. இரண்டு நாள் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள், எந்தச் சத்தத்துக்கு நீங்கள் எழுந்து ஓடுகிறீர்கள் என்று.

முதுகலை மாணவர், மதுரை: சாம்ஸ்கியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தம்பி, அமெரிக்க மொழியியலாளரான அவர் தேடியது தலைக்குள் இருக்கும் இலக்கண அறிவை. இலக்கணப் பிழையில்லாமல் பேசுகிறவன் எங்கே, யாரிடம், எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாமலிருந்தால் என்ன பயன் என்ற கோணத்தில் மானுடவியலும் மொழியியலும் படித்த டெல் ஹைம்ஸ் பதில் சொன்னார். நான் ஹைம்ஸ் கட்சி.

ஐ.டி. ஊழியர், லண்டன்: என் ஆங்கிலத்தில் தப்பே இல்லை, ஆனாலும் ‘கடுமையாகப் பேசுகிறாய்’ என்கிறார்கள்.

மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் பதிவு செய்த ஒரு சம்பவம் உங்களுக்காகவே நடந்ததுபோல் இருக்கும். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகம். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமானவர்கள் என்று புகார். பேச்சைப் பதிவு செய்து கேட்டால், அவர்கள் சொன்னது ‘கிரேவி’ என்ற ஒரே சொல். ஆங்கிலேயப் பெண்கள் கடைசியில் குரலை ஏற்றி ‘கிரேவி?’ என்பார்கள், வேணுமா என்று கேட்பதுபோல். இவர்கள் குரலை இறக்கி ‘கிரேவி.’ என்றார்கள். இவர்கள் காதுக்கு அதுவே சாதாரணமாகக் கேட்கும் முறை. சாப்பிட வந்தவர்களுக்கோ ‘இதுதான் கிரேவி, எடுத்துக்கோ, இல்லாட்டி போ’ என்று விழுந்தது. பதிவைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்களுக்கு முதலில் வித்தியாசமே தெரியவில்லை. உங்கள் வாக்கியத்தின் கடைசி அசை மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்: நம்மவர்கள் இதைக் கவனிக்கவில்லையா?

கவனித்தார்கள் ஐயா. நன்னூல் சொல்லும் தகுதி வழக்கை, அதாவது ஒன்றை நேராகச் சொல்லாமல் இடத்துக்குத் தகுந்த வேறு சொல்லால் சொல்வதை, நீங்கள் எத்தனை முறை நடத்தியிருப்பீர்கள்! செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி, ஒரு குழுவுக்குள் மட்டும் புரியும் சொல். வாடிக்கையாளருக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே ஒரு சொல்! மொழி யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வி அதில் அப்படியே இருக்கிறது.

பெயர் வேண்டாம், சேலம்: எப்போதும் ‘நீ’ என்று கூப்பிடும் என் மனைவி நேற்றிலிருந்து ‘நீங்க’ என்கிறாள். மரியாதை கூடிவிட்டதா?

பிரவுன், கில்மன் என்ற இருவர் 1960இல் ஐரோப்பிய மொழிகளில் ‘நீ’, ‘நீங்க’ போன்ற இரட்டைச் சொற்களை ஆராய்ந்து, அதிகாரம் ஒன்று, நெருக்கம் ஒன்று என இரண்டு அச்சுகள் இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் நகர்ந்தது இரண்டாவது அச்சு. முந்தாநாள் என்ன செய்தீர்கள் என்று எழுதியிருந்தால் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருப்பேன்.