உயரமான கிளாஸில் தேநீர் கூடிவிட்டதாக ஐந்து வயதுப் பிள்ளை சொல்வது ஏன்?

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்ட முன்பள்ளியொன்றில் கற்பிக்கும் நீங்கள், ஆறிய பிளேன்டீயை அகலமான கோப்பையிலிருந்து ஒடுங்கிய கிளாஸுக்கு மாற்றியதும் பிள்ளைகள் அது கூடிவிட்டதாகச் சொல்வது அறிவுக் குறைபாடா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980) விளக்கியபடி, ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரை பிள்ளை உயரத்தையும் அகலத்தையும் ஒருசேரக் கருதாமல், கண்ணில் பட்ட ஒன்றையே பற்றிக்கொள்கிறது. திரும்ப ஊற்றினால் பழைய மட்டத்துக்கே வரும் என்று மனத்துக்குள் பின்னோக்கிச் செல்லவும் அதற்கு இன்னும் இயலாது.

ஆனால் இந்த வயது எல்லைகளை வேலியாகக் கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1970களில் உளவியலாளர்களான மக்கேரிகிளும் டொனால்ட்சனும் நடத்திய சோதனையில், சம எண்ணிக்கையில் அடுக்கிய இரு வரிசைகளில் ஒன்றைக் கரடிப் பொம்மை தற்செயலாகக் குலைத்ததுபோல் காட்டியபோது, பெரியவர் வேண்டுமென்றே மாற்றிய வேளையைவிட மிகக் கூடுதலான பிள்ளைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், அவர் வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை ஊகிக்கக்கூடும். ஆசிரியரின் முகம் பார்த்தே விடை சொல்லப் பழகிய நம் பிள்ளைகளிடம் இதை அவசியம் கவனியுங்கள்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியோ (1896–1934), பிள்ளை தனியாகச் செய்வதற்கும் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியையே கற்பித்தல் குறிவைக்கவேண்டும் என்றார். ஆகவே விடையை உடனே திருத்தாமல், பிள்ளையின் கையாலேயே தேநீரைத் திரும்ப ஊற்றச் செய்யுங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) தம்பி தங்கைக்குப் பங்கிட்டுப் பழகிய மூத்த பிள்ளையொன்றைப் பக்கத்தில் இருத்தி, இருவரையும் காரணம் சொல்லி வாதிட விடுங்கள்.