முள் ஏறாத கேஜும் கைவிரித்த மெக்கானிக்கும்

கேள்வி: ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தம்பி பயிர் செய்கிறான். அப்பா காலத்து மாஸி பெர்குசன் டிராக்டரைச் செங்குன்றத்தில் ஒரு பட்டறையில் இன்ஜின் வேலைக்கு விட்டோம். மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டின்படி பிஸ்டன், அது ஓடும் உறையான லைனர், பேரிங் எல்லாவற்றையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நானே வாங்கிக் கொடுத்தேன். பேரிங்குக்கு மட்டும் பில் இல்லை. கூலி 18,000 ரூபாய் கொடுத்தாயிற்று. வண்டியை எடுத்த அன்றே ஆயில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறவில்லை. "கேஜ் பழையது, அப்படித்தான் இருக்கும்" என்றார். மறுநாள் உழும்போது இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. "நீங்கள் வாங்கிய சாமான் சரியில்லை, வண்டியும் பழையது" என்று இப்போது கைவிரிக்கிறார். பிரித்துப் பார்க்க மேலும் 6,000 ரூபாய் கேட்கிறார். நஷ்ட ஈடு கிடைக்குமா?
– வாசகர், மாதவரம்

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அவர் கையால் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். உங்கள் சாட்சியம் முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது.

வண்டி பழையது என்பது ஒரு பதிலா? அது தெரிந்துதானே வேலையை ஒப்புக்கொண்டு கூலி வாங்கினார்? "கேஜ் பழையது" என்று அவர் வாயாலேயே சொன்ன வாக்கியம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். புதிதாகப் பூட்டிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கேஜ் முள் சில விநாடிகளில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிட்டு, நல்ல கேஜ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் தொழில் தெரிந்தவர் செய்யும் காரியம். அதைச் செய்யாமல் கேஜின் மேல் பழியைப் போட்டு வண்டியை அனுப்பிவைத்தது, பேரிங் நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும், அவருடைய கவனக்குறைவே. அன்று உடன் இருந்தவர் யார் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

வேறொரு பட்டறையில், முடிந்தால் அங்கீகாரம் பெற்ற டீலரின் சர்வீஸ் மையத்தில் பிரியுங்கள். நாளும் இடமும் குறிப்பிட்டு, "நேரில் வந்து பாருங்கள்" என்று அவருக்கு விரைவுத் தபால் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

பிரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, கிராங்க் என்னும் சுழல் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கை. அது இரண்டு பாதிகளாக வரும். பல இன்ஜின்களில் மேல் பாதியில் ஆயில் துளை இருக்கும், கீழ்ப் பாதியில் இருக்காது. இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் ஆயில் வரும் வழி அடைபட்டு, கிராங்க் வறண்டு சுற்றும். அவசர வேலையில் நேர்கிற பிழை இது. கழற்றித் தட்டில் போட்ட பிறகு எது எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பேரிங்கின் முதுகில் அளவு பொறித்திருக்கும், அதையும் படம் எடுங்கள். கிராங்கைக் கிரைண்டிங் செய்து சிறிதாக்கிவிட்டு பழைய ஸ்டாண்டர்டு அளவு பேரிங்கையே போட்டிருந்தால், இடைவெளி கூடி ஆயில் அழுத்தம் நிற்காது. அளவை எழுதித் தந்தவர் அவர் என்றால் பொறுப்பும் அவருடையதே. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பில் இல்லாததுதான் தொல்லை. வரியை மிச்சம் பிடிக்கத் தலையாட்டுவது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. பேரிங் போலி என்று தெரிந்தால் கடைக்காரரைப் பிடிக்க உங்களிடம் காகிதம் இல்லை. யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவாவது உதவும். புது லைனர் போட்ட வண்டியை மறுநாளே உழவில் இறக்கியதையும் எதிர்த்தரப்பு விடாது. முதலில் லேசாக ஓட்டும்படி அவர் சொன்னாரா என்று தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். சமரசத்துக்கு அது போதலாம். மசியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பட்டறை செங்குன்றத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே மனு கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு 2 ஆண்டு.

கேள்வி: என் அண்ணன் டிராக்டரில் டீசல் ஃபில்டரைத் தானே மாற்றினார். அதிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் பம்பையே பிரிக்க வேண்டும், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, பூந்தமல்லி

பதில்: அதற்குள் வேண்டாம். ஃபில்டர் மாற்றும்போது டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டரின் தலையில் உள்ள சிறிய ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, டீசலை ஏற்றும் கை பம்பை அடித்தால் நுரையோடு டீசல் வரும். நுரை நின்றதும் இறுக்கிவிட்டு, டீசல் பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அதையே செய்ய வேண்டும். எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்கவில்லை என்றால் ஃபில்டரின் ரப்பர் வளையமோ செம்பு வாஷரோ சரியாக உட்காரவில்லை. அதுவரை சாவியை விடாமல் திருகிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், என்ன கோளாறு, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்கிக்கொண்டு பம்பைக் கொடுங்கள்.