கெரட்டோகோனஸ் உள்ள கண் ஒரே இரவில் வெள்ளையாகுமா?

நிலாவெளியில் தோணிக்குப் போகும் 24 வயதுத் தம்பிக்குக் கெரட்டோகோனஸ்; அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கோர்னியா மெலிந்து கூம்புபோல முன்தள்ளும் நோய். நேற்று விடியக் கண் வெளுத்து ஒரே நோவு, பூ விழுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல ஏலாது. ஆனால் ஹைட்ரொப்ஸ், அதாவது கோர்னியாவுக்குள் திடீரென நீர் ஊறுவது போலத்தான் தெரிகிறது. கோர்னியாவின் நடுப்பகுதி சாதாரணமாக அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அது மெலிந்து முன்தள்ளும்போது உள்பக்கச் சவ்வு கிழியலாம். கண்ணுக்குள் இருக்கும் நீர் அதனூடாக ஊறி, நனைந்த பாண் மாதிரிக் கோர்னியா ஊதி வெளுக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாக வற்றும்; தழும்பு மிஞ்சலாம். ஆனால் கிருமிப் புண்ணும் இப்படியே வெளுக்கும். அதனால் இன்றே கண் டொக்டரிடம் காட்டுங்கள், கண்ணைக் கசக்க விடாதீர்கள்.

இதைவிடக் கள்ளமானது பெலூசிட் என்ற இன்னொரு கோர்னியா மெலிவு வகை. நடுப்பகுதி வழமையான தடிப்பிலேயே இருக்கும். கீழ் ஓரம் மட்டும், மணிக்கூட்டில் 4 முதல் 8 வரை, பிறைபோல மெலியும். முன்தள்ளுவது அந்த மெலிந்த இடமல்ல, அதற்குச் சற்று மேலே. நோவில்லை, சிவப்பில்லை, கண்ணாடி நம்பர் மட்டும் மாறிக்கொண்டே போகும். பலர் கண்ணாடிக் கடைக்காரரைத்தான் ஏசுவார்கள்! கோர்னியாவின் மேடுபள்ளத்தைக் காட்டும் டொபோகிராபி எடுத்தால்தான் பிடிபடும். டெரியன் என்ற மற்றொரு ஓர மெலிவு வகையோ பெரும்பாலும் மேல் ஓரத்தில் தொடங்கும்.