பயிற்றங்கொடியில் பிசுபிசுப்பு: முதலில் எறும்பைக் கவனியுங்கள்

வணக்கம் அக்கா. உப்புவெளியில் உங்கள் பயிற்றங்கொடியின் குருத்தில் கறுப்புப் பூச்சி அப்பியிருக்குது, கீழ் இலையெல்லாம் பிசுபிசுக்குது என்று எழுதியிருந்தீர்கள். அது அழுக்கணவன்தான். சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் இனிப்பைக் கழிவாக விடும். அதுதான் அந்தப் பிசின். அதில் பிறகு கரும்பூஞ்சணம் படரும்.

மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாக அடியுங்கள், பாதி உதிர்ந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு, 1 லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரமும் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் நன்றாகக் கலக்கித் தெளியுங்கள். சலவைத்தூள் கூடவே கூடாது, இலை கருகும். முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து, மறுநாள் பாருங்கள். கரைசல் பட்ட பூச்சிதான் சாகும். அதனால் ஐந்து நாளைக்கொரு தடவை திரும்ப அடிக்கவேணும்.

தண்டில் எறும்பு வரிசையாக ஏறுதா? அந்த இனிப்புக்காக அது அழுக்கணவனைக் காவல் காக்கும். கொடி ஏறும் கம்பில் துணி சுற்றிக் கிறீஸ் பூசுங்கள், தண்டில் பூசாதீர்கள். யூரியாவையும் நிறுத்துங்கள், அது போட்டால் இளங்குருத்து கூடும், அழுக்கணவனுக்கு இளங்குருத்துத்தான் விருப்பம்.

கறுப்பில் செம்மஞ்சள் புள்ளியோடு, முதலை போல நீண்ட புழு கண்ணில் பட்டால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அழுக்கணவனைத் தின்னும். அது நிற்கிற கொடிக்குத் தெளிக்கவும் வேண்டாம்.