தகுதி பார்க்காத பல்கலைக்கழகம்

அன்புள்ள ஐயா,

முதியோர் கல்வி பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். முன்தகுதி பார்க்காமல் யாரையும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாம் என்கிறீர்கள். ஜனநாயகத்தில் ஓட்டு எல்லோருக்கும் உண்டு, சரி. பட்டமும் அப்படியா? தபாலில் படித்து வாங்கிய பட்டத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் மதிப்பதில்லை.

எஸ்.கே., ஈரோடு

அன்புள்ள எஸ்.கே.,

எல்லோரையும் சேர்க்கச் சொன்னேன்; எல்லோருக்கும் பட்டம் கொடுக்கச் சொல்லவில்லை.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன், பின்னாளில் பிரதமரானவர், அந்த யோசனையைச் சொன்னார். கன்சர்வேடிவ் கட்சியின் இயன் மெக்லியோட் அதைச் சுத்த உளறல் என்றார். சுரங்கத் தொழிலாளியின் மகளான அமைச்சர் ஜென்னி லீ விடவில்லை. இரண்டாந்தரச் சரக்காக இருக்கக் கூடாது என்பதில் அவர் கறார். 1971 ஜனவரியில் 20,000க்கும் மேற்பட்டவர்களோடு பாடம் தொடங்கியது. பள்ளிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

ஆனால் வேலை வாங்கினார்கள். அறிவியல் எடுத்தவர் வீட்டுக்குத் தபாலில் ஒரு பெட்டி வரும்: ரசாயனங்கள், சோதனைக் கருவிகள், கையடக்கமான பிளாஸ்டிக் நுண்ணோக்கி. சமையலறை மேசைதான் ஆய்வகம். பிபிசியில் பாடம் விடியற்காலையிலும் நள்ளிரவிலும். கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழகத்தில் தங்கி நேரடி வகுப்பு. எழுதி அனுப்பும் கட்டுரையை ஆசிரியர் வரிவரியாகப் படித்துக் குறிப்பெழுதித் திருப்புவார். அப்புறம்தான் தேர்வு. சல்லடையை நுழைவாயிலிலிருந்து எடுத்து வெளியேறும் வாசலில் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். (முதல் அணியில் பள்ளி ஆசிரியர்களே நிறைய, லீ எதிர்பார்த்த அளவுக்குத் தொழிலாளர்கள் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

உங்கள் அலுவலகத்தாரைக் குறைசொல்ல மாட்டேன். நம்மூரில் அசைன்மென்ட் விலைக்கே கிடைக்கிறது. வாங்கி எழுதிக் கொடுத்தாலும் கண்டுபிடிக்க ஆளில்லை. திருத்துபவர் அதைப் படித்துப் பார்க்காத குறைக்கு, பிளஸ் டூ முடிக்காதவரை வாசலில் நிறுத்தி என்ன பயன்?

என் கவலை கட்டணம். இன்றும் அந்தப் பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் 2012இல் இங்கிலாந்தில் அரசு மானியத்தை வெட்டியது, கட்டணம் பலமடங்கு ஏறியது, கடன் வாங்கிப் படியுங்கள் என்றார்கள். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர் இன்னொரு கடனுக்குக் கையெழுத்துப் போடுவாரா? சில ஆண்டுகளில் அங்கே பகுதிநேரப் படிப்பில் சேர்பவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து அரசு கட்டணத்தைத் தானே கட்டுகிறது.